மடை திறந்தது, வாய்க்கால் எங்கே?

'மடை திறந்து' என்று சொன்னதும் உங்கள் காதில் முதலில் எந்தப் பாட்டு ஓடும்? என் அப்பாவைக் கேட்டால் 1980 என்பார். பாரதிராஜாவின் 'நிழல்கள்', இளையராஜாவின் இசை, எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல். என்னைக் கேட்டால் 2006 என்பேன். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூன்று பேரும் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற பெயரில் கொண்டுவந்த 'வல்லவன்' ஆல்பத்தின் பாட்டு. நான் அப்போது ஜொகூரில் தமிழ்ப்பள்ளி மாணவன். ஏழாம் வாய்ப்பாட்டில் திக்குகிற பயல்கூட பள்ளிப் பேருந்தில் அந்த ராப்பை மூச்சு விடாமல் சொல்லிவிடுவான்.

இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். 'நிழல்கள்' படத்தில் அது யாருக்கு வருகிற பாட்டு? இசையமைப்பாளராக வேண்டும் என்று வாய்ப்புத் தேடி அலைகிற ஓர் இளைஞனுக்கு. சந்திரசேகர் நடித்த பாத்திரம். கையில் வேலை இல்லை, மனசு முழுக்க மெட்டு. தன் மெட்டு ஒலிப்பதிவாகிறது, ஊர் கேட்கிறது என்று அவன் காண்கிற கனவுதான் அந்தப் பாட்டு. இருபத்தாறு வருடம் கழித்து, சினிமாவுக்கு வெளியே தமிழில் பாட வந்த மூன்று மலேசியப் பையன்கள் கதவைத் தட்ட எடுத்துக்கொண்டதும் அதே பாட்டுதான்.

அவர்கள் அதைத் தெரிந்தே எடுத்தார்களா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மலேசியத் தமிழ்ச் சுயாதீன இசையின் மொத்த வரலாறும் இந்த ஒரு விஷயத்துக்குள் மடங்கி இருப்பதாக எனக்குப் படுகிறது. சொந்தமாகப் பாட வந்தவன் கவனிக்கப்படுவதற்கு ஒரு சினிமாப் பாட்டின் தோளில் ஏறவேண்டி இருக்கிறது. ஏன்?

நான் படித்தது பொறியியல். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஊற்றில் தண்ணீர் இல்லையா, இல்லை வழியில் எங்கோ அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்களுக்கு முதல் வேலை. நம்ம ஊர் இசையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் ஊற்றையே குறை சொல்கிறார்கள். "தரம் இல்ல தம்பி, சினிமா மாதிரி இல்ல." எனக்கு அப்படித் தெரியவில்லை. கடந்த எழுபது, எண்பது வருடத்தில் பாட்டைச் செய்வது ஒவ்வொரு தலைமுறைக்கும் எளிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. செய்த பாட்டு போய்ச் சேர்கிற வழி மட்டும் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் கையில் இருந்திருக்கிறது. அந்த வழியின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதல் வாய்க்கால் வானொலி. ரேடியோ மலாயா 1946 ஏப்ரலில் தொடங்கியது. தலைமையகம் கோலாலம்பூரில் இல்லை, சிங்கப்பூரில். அதாவது ஜொகூர் பாருவில் இருந்தவனுக்கு நாட்டின் ஒலிபரப்பு நிலையம் பாலத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் இருந்தது. விடுதலைக்குப் பிறகு, 1959இல் அது கோலாலம்பூருக்குப் போனது; சிங்கப்பூர் தனக்கென்று ஒரு வானொலியை வைத்துக்கொண்டது. 1965இல் நாடே இரண்டானது. பக்கத்தில் இருந்த நிலையம் வெளிநாடு, உள்நாட்டு நிலையம் 300 கிலோமீட்டருக்கு மேல். ஜொகூர்க்காரனின் இசை வாழ்க்கையை இன்றுவரை இழுத்தடிக்கிற கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

தமிழில் பாடுகிற ஒருவனுக்கு அந்தக் காலத்தில் மைக், ஒலிப்பதிவு, அலைவரிசை மூன்றும் ஒரே வாசலுக்குள் இருந்தன. குரல் தேர்வில் தேறினால் உள்ளே, இல்லாவிட்டால் கோயில் திருவிழா மேடை. வானொலியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த நாட்டில் தமிழ்க் குரல்களை வளர்த்ததே அதுதான். ஆனால் அந்த வாசலிலும் பெரும்பாலான நேரம் சென்னைப் பாட்டுக்குத்தான். நேயர் விருப்பம் என்றால் நேயர் கேட்பது சினிமாப் பாட்டு. தோட்டத்து லயத்தில் இருந்தவருக்குத் தமிழ்நாட்டோடு இருந்த உறவு அது. அதை யார் குறை சொல்ல முடியும்?

அப்படியானால் பாட்டே உயிர் என்று இருந்தவன் என்ன செய்தான்? மூன்று வழி இருந்தது.

ஒன்று, சென்னைக்குப் போவது. வாசுதேவன் என்ற மலேசியக்காரர் நடிக்கும் ஆசையோடு சென்னைக்குப் போனார், பாடகரானார். 1977இல் '16 வயதினிலே' வந்தது. அதன் பிறகு மலேசியாவில் இருந்த ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் அவர் குரல் ஒலித்தது. பெயரைக் கவனியுங்கள்: மலேசியா வாசுதேவன். இங்கே இருந்தவரை அவர் வெறும் வாசுதேவன். சென்னை போய், படத்தில் பாடி, பெயருக்கு முன்னால் 'மலேசியா' ஒட்டிக்கொண்ட பிறகுதான் மலேசியாவுக்கே அவர் கேட்க ஆரம்பித்தார். இது அவர் திறமையைக் குறைத்துச் சொல்வது ஆகாது. நம் குரல் நம்மிடம் வந்து சேர எவ்வளவு தூரம் சுற்றவேண்டி இருந்தது என்பதுதான் நான் கேட்பது.

இலங்கையிலும் இதே கதை உண்டு. அங்கே நித்தி கனகரத்தினம், ஏ.இ. மனோகரன் போன்றவர்கள் சினிமாவின் தயவு இல்லாமல் 'பொப்பிசை' என்றே ஒரு வகையை உருவாக்கி வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டில், பேருந்தில், கல்லூரி விழாவில் பாடுகிற பாட்டு. அப்படி அங்கே புழங்கிய 'சுராங்கனி' தமிழ்நாட்டில் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததில் 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் படத்துக்காக அதைப் பாடியவர் யார் தெரியுமா? மலேசியா வாசுதேவன். இலங்கைப் பாட்டு, மலேசியக் குரல், இரண்டும் சந்தித்துக்கொள்ளக் கோடம்பாக்கம்!

இரண்டாவது வழி, மொழியை மாற்றுவது. 1960களின் கடைசியில் பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் தொடங்கிய 'அலிகேட்ஸ்' குழுவை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெரிய சுருட்டை முடியை மறக்க முடியுமா? ஹாங்காங் வரை போய் கிளப்புகளில் வாசித்தவர்கள். அவர்களை நாடே கொண்டாடியது மலாய்ப் பாடல்களுக்காக. எம். நாசிர் போன்றவர்கள் அவர்களுக்கு மெட்டுப் போட்டார்கள். லோகநாதன் 2007இல் இறந்தபோது எல்லா இனத்தவரும் அழுதார்கள். பின்னால், 2004இல் முதல் 'மலேசியன் ஐடல்' பட்டம் வென்ற ஜாக்லின் விக்டரும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் பெரிய பெயர் எடுத்தார். இதில் தப்பு எதுவும் இல்லை. மலாய் நம் நாட்டு மொழி, அதில் பாடுவது நம் உரிமை. ஆனால் தமிழில் பாடியிருந்தால் அதே உயரத்துக்குப் போயிருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்பதுதான் பதில். அந்தப் பக்கம் ரெக்கார்டு கம்பெனி, கடை, வானொலி, விருது என்று வரிசையாக ஏற்பாடு இருந்தது. தமிழுக்கு அது கிடையாது.

மூன்றாவது வழி, இங்கேயே, தமிழிலேயே இருப்பது. அதைத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் செய்தார்கள். அவர்களுக்குத்தான் வரலாற்றில் பெயர் இல்லை.

குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் வட்டாரத்துத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். திருவிழா என்றால் தப்பும் உருமியும் இருக்கும், கல்யாணம் என்றால் ஓர் இன்னிசைக் குழு வரும். ரப்பர் போய் செம்பனை வந்ததும், தோட்டத்து ஆள்கள் பாசீர் கூடாங், மாசாய், ஸ்கூடாய் பக்கம் தொழிற்சாலைகளைத் தேடி வந்தார்கள். வாத்தியங்களும் கூடவே வந்தன. இன்றைக்கும் மாசாயில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்து போனால் எங்கோ ஒரு கொட்டகையில் உருமி மேளக் குழு பயிற்சி எடுக்கும் சத்தம் கேட்கும். சொந்தக் காசில் வாத்தியம், சொந்தக் காசில் சட்டை, சொந்தக் காசில் வேன் வாடகை. 'சுயாதீன இசை' என்ற சொல் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் சுயாதீனமாக வாழ்ந்து காட்டிய தமிழ் இசை என்றால் முதலில் சொல்லவேண்டியது அவர்களைத்தான். அதே சமயம் ஊருக்குள் அந்த இசையைப் 'பொறுக்கிப் பசங்க வேலை' என்று சொல்கிறவர்களும் உண்டு. பணம், வசதி எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தப் பார்வையும் ஒரு தடைதான்.

இன்னிசைக் குழுக்களின் சிக்கல் வேறு. கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர் காசு கொடுப்பது கேட்டுப் பழகிய பாட்டுக்கு. நாலு மணி நேர நிகழ்ச்சியில் சொந்தப் பாட்டு ஒன்று பாடினால் "அண்ணே, படப் பாட்டு போடுங்கண்ணே" என்று குரல் வரும். சாப்பாடு போடுவது சினிமாப் பாட்டு. சொந்தப் பாட்டு நோட்டுப் புத்தகத்தில். இப்படியே நோட்டுப் புத்தகத்தில் முடிந்துபோன இசையமைப்பாளர்கள் எத்தனை பேரோ.

கேசட் வந்தபோது இது மாறியிருக்க வேண்டும். கேசட்டில் பதிவு செய்ய பெரிய கம்பெனி தேவையில்லை. பிரதி எடுக்க ஒரு டபுள் டெக் போதும். 1990களில் 'தி கீஸ்' குழுவின் டார்க்கி நாகராஜா போன்றவர்கள் நம் ஊர்ப் பேச்சுத் தமிழில், நம் ஊர் நக்கலோடு பாட்டுப் போட்டு வீடுகளுக்குள் நுழைந்தார்கள். 'மலேசியப் பாட்டு' என்று ஒன்று இருக்கிறது என்று சாதாரண ரசிகனுக்குத் தெரியவந்த காலம் அது. ஆனால் பிரதி எடுப்பது பாடகனுக்கு எவ்வளவு சுலபமோ, திருடுகிறவனுக்கும் அவ்வளவு சுலபம். பெரிய கம்பெனிக்குத் திருட்டு நஷ்டம். சொந்தக் காசில், கடன் வாங்கி 1,000 கேசட் அடித்தவனுக்கு அதோடு முடிந்தது கதை. பிறகு சிடி வந்தது. பசார் மாலாமில் ஒரு மேசை முழுக்கத் திருட்டு சிடி, நாலைந்து வெள்ளிக்கு நூறு பாட்டு. அந்த மேசையில் உங்கள் ஆல்பம் இருந்தால் காசு போயிற்று. இல்லாவிட்டால் உங்களை யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டில் எது மோசம் என்று முடிவு செய்வது கஷ்டம்.

இந்தப் பின்னணியில்தான் 1998இல் 'பொயட்டிக் அம்மோ' வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என்று ஒரே ஆல்பத்தில் மலேசியத் தெருவையே இறக்கிவிட்டார்கள். யோகி பி அங்கிருந்துதான் வருகிறார். ஆங்கில ராப்பில் பெயர் எடுத்து, பிறகு முழு ஆல்பத்தையும் தமிழில் செய்ய முடிவெடுத்தது சாதாரண விஷயம் இல்லை. சந்தை சின்னது என்று தெரிந்தே எடுத்த முடிவு. தமிழ் ஹிப் ஹாப் வரலாற்றை எங்கே எழுதினாலும் 'வல்லவன்' முன்வரிசையில் வருகிறது. சென்னையோ கோவையோ செய்வதற்கு முன்னால் கோலாலம்பூர் செய்துவிட்டது. கோவையைச் சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா'வின் முதல் ஆல்பம் வந்தது 2012இல்.

சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி ராப் செய்தார். எந்தப் பாட்டுக்கு? 'எங்கேயும் எப்போதும்'. 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்கு எம்.எஸ்.வி. போட்ட பாட்டின் மறுவடிவம். மறுபடியும் பழைய சினிமாப் பாட்டின் தோள்! பிறகு 2011இல் 'ஆடுகளம்', 2017இல் 'விவேகம்'. ஒவ்வொன்றும் வந்தபோது நாங்கள் "நம்ம ஆளு!" என்று துள்ளினோம். இன்றும் துள்ளுவேன். ஆனால் ஒரு மலேசியக் கலைஞனின் வெற்றியை அளக்க நம்மிடம் இருக்கிற ஒரே அளவுகோல் 'எத்தனை படத்தில் வந்தார்' என்பதாக இருப்பது வாசுதேவன் காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது. 40 வருடத்தில் வாத்தியம் மாறியது, தொழில்நுட்பம் மாறியது, வாய்க்கால் மட்டும் கோடம்பாக்கம் வழியாகவே ஓடுகிறது.

திலீப் வர்மனின் 'உயிரைத் தொலைத்தேன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இணையம் வழியாகவே தமிழ்நாடு வரை பரவிய மலேசியப் பாட்டு. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த தமிழ்நாட்டு நண்பன் அதைக் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "எந்தப் படம்டா?" படம் இல்லை என்றேன். "படம் இல்லாம எப்படிப் பாட்டு?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டான். இசை என்றால் சினிமா என்று ஒரு முழுச் சமூகமும் பழகிவிட்ட பிறகு, படம் இல்லாத பாட்டு அப்பா பெயர் இல்லாத பிறப்புப் பத்திரம் மாதிரி நிற்கிறது.

தமிழ்நாட்டிலேயே இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யைவிடப் பெரிய சுயாதீனத் தமிழ்ப் பாட்டு சமீபத்தில் இல்லை. அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், உழைத்து, திருப்பி அனுப்பப்பட்ட தலைமுறையின் நினைவு அதில் இருப்பதால், தோட்டத்திலிருந்து வந்த நமக்கு அது இன்னும் நெருக்கம். உலகமே கேட்டது. மூன்று வருடம் கழித்து, 2024இல், தங்களுக்கு அந்தப் பாட்டிலிருந்து ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? நமக்கு அதில் இருக்கிற பாடம் ஒன்றுதான்: கோடிக்கணக்கான காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தும், பணம் திரும்பி வருகிற வழி பாடியவன் கையில் இல்லாமல் போக முடியும்.

இந்தப் பணத்தின் வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஏனென்றால் இப்போது செய்வதில் பிரச்சினையே இல்லை. ஒரு மடிக்கணினி, ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக் போதும். சத்தம் தெறிக்காமல் இருக்க அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பாடுகிற ஆள்களை எனக்குத் தெரியும். மாதச் சம்பளத்தில் சேர்த்து வைத்தே ஓர் ஆல்பம் முடித்துவிடலாம். ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு 2013இலேயே வந்துவிட்டது. இந்தியாவுக்கு வந்தது 2019இல். ஆறு வருடம் முன்னாடியே நமக்குக் கதவு திறந்தது. அப்படியானால் நாம் எங்கேயோ போயிருக்க வேண்டாமா?

அங்கே பணம் பிரிக்கிற முறையைப் பாருங்கள். நான் மாதம் 15 வெள்ளி கட்டுகிறேன், அந்த மாதம் முழுக்க ஒரு ஜொகூர் பேண்டின் பாட்டை மட்டும் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். என் 15 வெள்ளியில் பாடகர்களுக்கான பங்கு அந்த பேண்டுக்குப் போகுமா? போகாது. எல்லோருடைய பணமும் ஒரு பெரிய தொட்டியில் கொட்டப்படுகிறது. மொத்தம் ஓடிய பாட்டுகளில் யாருடையது எத்தனை சதவீதமோ, அதற்கேற்பப் பிரிக்கப்படுகிறது. நான் மாதத்தில் 100 முறை கேட்கிறேன். ஒரு காப்பிக்கடை பகல் முழுக்க ஹிட் பாட்டுகளை 5,000 முறை ஓடவிடுகிறது. இரண்டு பேரும் கட்டுவது ஏறக்குறைய ஒரே தொகை. கடையின் எடை என்னுடையதைப்போல 50 மடங்கு. என் காசில் பெரும்பகுதி நான் கேட்காத பாட்டுக்குப் போகிறது. இது போதாதென்று, 2024 முதல் 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாத பாட்டுக்குக் கணக்கே கிடையாது. யூடியூபில் விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்கள், வருடத்துக்கு 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், அது 2018இலிருந்து. பெரிய ஆளுக்கு இவை ஒரு நாள் வேலை. தமிழில் பாடுகிற புதுப் பையனுக்கு முதல் வருட வாழ்க்கையே அதுதான்.

'வல்லவன்' போன பாதையும் இப்போது முள்வேலி. சினிமாப் பாட்டின் ஒரு துண்டை எடுத்து உங்கள் ராப்பில் வைத்தால், யூடியூபின் கன்டென்ட் ஐடி சில நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோவே மறைந்துவிடும். இளையராஜா தன் பாடல்களின் உரிமைக்காக 2017இல் எஸ்.பி.பி.க்கும், 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படக்குழுவுக்கும் நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். படைத்தவர் தன் உரிமையைக் கேட்பது நியாயம்தான். சுயாதீனக் கலைஞன் அதைக் குறை சொன்னால் அவன் தன் காலையே வெட்டிக்கொள்கிறான். அதே உரிமையைத்தான் அவனும் கேட்கவேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு நம் நாட்டில் 1989இலிருந்து இருக்கிறது. நான் பேசிப் பார்த்த தமிழ்ப் பையன்களில் பாதிப் பேர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

இப்போது ஜொகூருக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இருந்து இசை செய்வதற்கென்று தனி அவஸ்தை உண்டு. வானொலி, தொலைக்காட்சி, ஒலிப்பதிவுக்கூடங்கள், வீடியோ எடுப்பவர்கள், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் எல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கில். கலைக்கு நிதி தருவதற்காக 2017இல் அமைக்கப்பட்ட 'செண்டானா'கூட முதலில் கோலாலம்பூர் வட்டாரத்தை மையமாக வைத்துத்தான் தொடங்கியது. தெற்கே பார்த்தால் சிங்கப்பூர். ஒலி 96.8 எங்கள் சமையலறை வரை கேட்கும். 2012இல் ஷபீர் 'சிங்கை நாடு' என்று தேசிய தினத்துக்குத் தமிழில் ஒரு பாட்டுக் கொடுத்தபோது எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அங்கே தருகிற நிதியும் போட்டி மேடையும் அந்த நாட்டவருக்கு. கேட்கலாம், கலந்துகொள்ள முடியாது.

அப்புறம் நேரம். எங்கள் ஊர் ஆள்கள் பலருக்கு சிங்கப்பூரில் வேலை. விடிகாலை நாலரைக்கு மோட்டாரில் பாலம் ஏறி, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவன் எப்போது மெட்டுப் போடுவான்? விடுமுறையும் சேர்ந்து விளையாடியது. 2014 தொடங்கி 2024 முடிய ஜொகூரில் அரசு அலுவலகம், பள்ளிக்கூடத்துக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். பல தனியார் கம்பெனிகளுக்கும் சிங்கப்பூர் வேலைக்கும் சனி, ஞாயிறு. ஒரே பேண்டில் கிட்டார் வாசிக்கிற ஆசிரியருக்கு வெள்ளி லீவு, டிரம்ஸ் வாசிக்கிற டெக்னீஷியனுக்கு ஞாயிறு லீவு. 11 வருடம், சனிக்கிழமை ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. அந்த ஒரு நாளில்தான் பயிற்சி, கல்யாண வாசிப்பு, கே.எல். பயணம், வீட்டு வேலை எல்லாம். இதை எந்த இசை வரலாற்றிலும் எழுதமாட்டார்கள். ஆனால் எத்தனையோ குழுக்கள் கலைந்தது இந்த மாதிரி காரணத்தால்தான். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கல்யாணமும் திருவிழாவும் நின்றன. அந்த வருமானத்தை நம்பியிருந்த குழுக்கள் கீபோர்டை விற்றன. சிலர் திரும்ப வாங்கவில்லை.

இதெல்லாம் இலக்கியம் படிக்கிற உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நமக்கு இந்தப் பிரச்சினை புதிதில்லை என்பதால்தான். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கினார். வணிகப் பத்திரிகை என்ற பெரிய வாய்க்கால் அவருக்கு மூடியிருந்தது. புத்தகக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பெரிய வாய்க்காலைத் திறக்கச் சொல்லி அவர் காத்திருக்கவில்லை. சின்னச் சின்னக் கால்களாக வெட்டினார். அதனால்தான் இன்று புதுக்கவிதை இருக்கிறது. அவரோடு கூட இன்னொன்றும் இருந்தது: விமர்சனம். ஒரு கவிதை வந்தால் அதைப் பற்றி ஒருவர் எழுதுவார், இன்னொருவர் மறுப்பார். அந்தச் சண்டையில்தான் வாசகர்கள் உருவானார்கள்.

நம் சுயாதீன இசைக்கு இல்லாதது அதுதான். ஒரு மலேசியத் தமிழ் ஆல்பம் வந்தால் என்ன எழுதுகிறோம்? 'வாழ்த்துகள்', 'நம்மவர்களை ஆதரிப்போம்'. ஆதரவு என்பது நன்கொடை கேட்கிற வார்த்தை. பாட்டு நன்றாக இருக்கிறதா, பாடல் வரியில் நம் ஊர்த் தமிழ் இருக்கிறதா இல்லை சென்னைத் தமிழைக் கடன் வாங்கியிருக்கிறதா, இந்த உருமிச் சத்தம் ஏன் இந்த இடத்தில் வருகிறது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? தமிழ்ச் சிறுகதை ஒன்றுக்குக் கொடுக்கிற கவனத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். 'எந்தப் படம்?' என்ற கேள்விக்குப் பதிலாக 'எந்த ஊர், யார் எழுதியது?' என்ற கேள்வி வர ஆரம்பிக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் அழிந்துகொண்டு வருவதுதான் எனக்குப் பெரிய பயம். கேசட்டின் உள்ளட்டையில் பாடலாசிரியர், தபேலா வாசித்தவர், ஒலிப்பதிவுக்கூடம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். இன்று செயலியில் ஒரு சதுரப் படமும் ஒரு பெயரும் மிஞ்சுகின்றன. பழைய கேசட்டுகளோ நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்து, நாடாவின் பூச்சு பிசுபிசுத்து, பூஞ்சை பிடித்துக் கெடுகின்றன. ஒருமுறை பூச்சு உரிந்தால் அந்தச் சத்தம் திரும்ப வராது. எந்தப் பொறியாளனாலும் மீட்க முடியாது.

1986இல் வந்த நூலகப் பொருள் வைப்புச் சட்டப்படி, நம் நாட்டில் வெளியாகிற ஒலிப்பதிவுகளும் தேசிய நூலகத்துக்குத் தரப்படவேண்டியவை. புத்தகம் போடுகிறவர்களுக்கு இது தெரியும். பாட்டுப் போடுகிறவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை உங்கள் நண்பன் ஒரு பாட்டை வெளியிட்டால் வாழ்த்துச் சொல்லுங்கள், கூடவே இதையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில், மாமா வீட்டுப் பரணில், தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில் உள்ளூர் கேசட் எதுவும் கிடந்தால், முதலில் உள்ளட்டையை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் போட்டோ பிடித்து வையுங்கள். பிறகு அதில் இருக்கிற பெயர்களில் யாராவது உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் போய்ப் பாருங்கள், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு.